சம்பந்தியும் நானும் ஒரு பினாங்குக் கிண்ணமும்

விருத்தாசலத்துக்காரனை வெளியூரில் அடையாளம் காண்பது சுலபம். தட்டை முன்னால் வைத்ததும் மற்றவர்கள் அதன் மேலே பார்ப்பார்கள். எங்கள் பீங்கான் ஊர்க்காரன் தட்டைத் தூக்கி அடியில் பார்ப்பான். எங்கே செய்தது, சூளையில் சரியாக வெந்ததா, மெருகு ஓரம் வரை ஓடியிருக்கிறதா என்று பார்த்து முடித்த பிறகுதான் பசி ஞாபகத்துக்கு வரும். கப்பலில் ஏறிய முதல் நாள் மாலை நானும் அப்படித்தான் ஒரு தட்டைத் தூக்கிக் கவிழ்த்தேன். அதில் சமோசா இருந்ததைக் கவனிக்கவில்லை.

உருண்டு போன சமோசாவை எதிரில் உட்கார்ந்திருந்த என் சம்பந்தி குனிந்து எடுத்து ஓரமாக வைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பேசாததுதான் எனக்குப் பயம்.

சம்பந்தி என்றால் என் மகளின் மாமனார். வேப்பூரில் நெடுஞ்சாலை ஓரமாக ஓட்டல் வைத்திருக்கிறார். திருச்சிக்கும் சென்னைக்கும் போகிற பஸ்காரர்களும் லாரிக்காரர்களும் அங்கே நிறுத்திச் சாப்பிடுவார்கள். நான் எங்கள் ஊர் செராமிக் பேட்டையில் பியூஸ் கேரியர் செய்யும் சின்னப் பட்டறைக்காரன். வீட்டில் பியூஸ் போனால் மெயின் பெட்டியிலிருந்து ஒரு வெள்ளைப் பீங்கான் கட்டையைப் பிடுங்கிக் கம்பி கட்டுவோமே, அதுதான் என் சரக்கு. என் மகளும் அவர் மகனும் கல்யாணம் முடித்து சிங்கப்பூரில் இருக்கிறார்கள். கல்யாணத்திலிருந்து இன்றுவரை நாங்கள் இருவரும் நடுவில் வெற்றிலைத் தட்டு இல்லாமல் சேர்ந்து உட்கார்ந்ததே கிடையாது.

பேத்தி பிறந்த பிறகு இரண்டு குடும்பமும் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தோம். பெண்கள் குழந்தையோடு ஐக்கியமாகிவிட்டார்கள். நாங்கள் இருவரும் ஒரே சோபாவில் உட்கார்ந்து, "நீங்க பாருங்க சம்மந்தி", "பரவால்லீங்க, நீங்க பாருங்க" என்று டிவி ரிமோட்டை மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். டிவியை யாரும் போடவே இல்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த பிள்ளைகள், பினாங்கு வரை போய்த் திரும்பும் கப்பலில் எங்கள் இருவரையும் ஏற்றிவிட்டார்கள். பாசம் என்று அவர்கள் சொன்னார்கள். வீட்டைப் பெருக்க இடம் வேண்டும் என்பது என் கணிப்பு.

கிளம்பும்போது என் மனைவி என்னைச் சமையலறைக்குள் இழுத்துப் போய்ச் சொன்னாள்: "நம்ம பட்டறையில கத்துற மாதிரி அங்க கத்தாதீங்க. எதையும் ஆராய்ச்சி பண்ணாதீங்க. நம்ம பொண்ணு காலத்துக்கும் அந்த வூட்டுல வாழணும். சம்மந்தி முன்னாடி மானத்த வாங்கிப்புடாதீங்க." சரி என்று தலையாட்டிவிட்டுத்தான் வந்திருந்தேன். அதற்குள் சமோசா உருண்டுவிட்டது.

எங்களுக்கு ஒரு வேலையும் கொடுத்திருந்தார்கள். நாங்கள் கப்பலிலிருந்து திரும்பிய மறுநாள் பேத்திக்கு முதல் சோறு ஊட்டுவதாக இருந்தது. எவர்சில்வர் வேண்டாம், வெள்ளைப் பீங்கானில் நல்ல கிண்ணம் ஒன்று வாங்கி வாருங்கள் என்று சம்பந்தியம்மாள் சொன்னார். "பீங்கான் ஊருக்காரரே கூடப் போறாரு, பாத்து வாங்கட்டும்" என்றும் சேர்த்துச் சொன்னார். எனக்கு அன்று முழுக்க நெஞ்சு நிமிர்ந்தே இருந்தது.

கப்பலில் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. வேப்பூர் சந்தை மொத்தத்தையும் வேகவைத்துப் பரப்பிவைத்த மாதிரி ஒரு கூடம். சம்பந்தி தட்டை எடுக்காமல் கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். எந்தப் பாத்திரம் காலியாகிறது, எது ஆறிப்போகிறது என்று பார்த்துக்கொண்டே வந்தவர், தட்டோடு தயங்கி நின்ற ஒரு சீனக் குடும்பத்தைக் கண்டதும் சட்டென்று கையை நீட்டி, "உள்ள எடம் இருக்குது, வாங்க வாங்க, ஃபேனுக்குக் கீழ ஒக்காருங்க" என்றார். அவர்களும் பணிவாகப் போய் உட்கார்ந்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் சம்பந்திக்குத் தாம் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்தது. காது மடல் சிவந்துபோனது. நான் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்ப்பது போல் திரும்பிக்கொண்டேன். எனக்கு மனசுக்குள் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

மறுநாள் காலை பினாங்கு. கப்பல் ஊருக்குள்ளேயே வந்து நின்றுவிடுகிறது. இறங்கிச் சாலையைக் கடந்தால் பழைய கோட்டை, பீரங்கி, மணிக்கூண்டு. எங்கள் ஊரில் ஜங்ஷனில் இறங்கி ஊருக்குள் போவதற்கே ஷேர் ஆட்டோவில் மடங்கி உட்கார வேண்டும். நாலரைக்குள் திரும்பி ஏறிவிட வேண்டும், யாருக்காகவும் கப்பல் காத்திருக்காது என்று ஒலிபெருக்கியில் சொன்னதை யாரோ தமிழிலும் சொன்னார்கள்.

கோட்டையில் சம்பந்தி பீரங்கியைத் தடவிப் பார்த்தார். நான் அங்கிருந்த பழைய மின்பெட்டியைத் தடவிப் பார்த்தேன். உள்ளே பீங்கான் பியூஸ் இருக்குமோ என்ற ஆசைதான். காவலாளி வேகமாக வந்தார். அவர் மலாயில் சொன்னதற்குப் பக்கத்திலிருந்த பெண் தமிழில் விளக்கம் கொடுத்தார்: "பார்க்க வேண்டியது அந்தப் பக்கம் இருக்கிறதாம்." ஆராய்ச்சி பண்ணாதீங்க என்ற குரல் சிங்கப்பூரிலிருந்து கேட்டது. கையை எடுத்துவிட்டேன்.

பிறகு ஒரு பஸ் ஏறினோம். ஊரைச் சுற்றிக் காட்டுகிற பஸ், டிக்கெட்டே வேண்டாம் என்றார்கள். பஸ் விஷயத்தில் சம்பந்தியை மிஞ்ச ஆளில்லை. எந்த டிரைவரும் அவர் கடையில் நிறுத்துவான். முன் சீட்டில் உட்கார்ந்து, சைகையாலேயே டிரைவரிடம் பேச்சுக் கொடுத்தார். பேச்சு நன்றாகத்தான் போனது. கடைத்தெரு போய்விட்டது, மசூதி போய்விட்டது, கோயில் போய்விட்டது, எல்லாவற்றையும் ஜன்னலில் பார்த்தோம். கடைசியில் பஸ் நின்ற இடத்தில் இறங்கினால் எதிரே எங்கள் கப்பல் நிற்கிறது.

"நல்ல டிரைவருங்க" என்றார் சம்பந்தி.

"ஆமாங்க, குலுக்கலே இல்ல" என்றேன். வேறு யாராவதாக இருந்தால் நான் பேசியிருக்கும் பேச்சே வேறு.

இந்த முறை நடந்தோம். கடைகளின் முன்னால் கூரை போட்ட நடைபாதை இருப்பதால் வெயில் தலையில் இறங்கவில்லை. மதியம் ஒரு நாசி கண்டார் கடையில் உட்கார்ந்தோம். சோற்றின் மேல் மீன் குழம்பு, கோழிக் குழம்பு, கறிக் குழம்பு என்று எல்லாவற்றையும் ஒன்றன் மேல் ஒன்றாக ஊற்றிக் கொடுக்கிறார்கள். எங்கள் பக்கம் அப்படி ஊற்றினால் சண்டை வரும். சம்பந்தி முதல் கவளத்தை வாயில் வைத்துக் கண்ணை மூடினார். "இத நம்ம கடையில போட்டா திருச்சி பஸ்ஸு எல்லாம் படுத்துத் தூங்கிட்டுத்தான் கெளம்பும்" என்றார். அவர் என்னிடம் வேடிக்கையாகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சம்பந்தி முன்னால் வாயைத் திறந்து சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் தண்ணீர் குடித்தேன்.

வெளியே ஒரு டிரைஷா நின்றது. பிளாஸ்டிக் பூவும் ரேடியோவுமாக அலங்கரித்த மூன்று சக்கர வண்டி. நாம் முன்னால் உட்கார வேண்டும், மிதிக்கிறவர் பின்னால். ஓட்டுகிறவர் பெயர் இஸ்மாயில், தமிழர். இரண்டு பேருக்கான இருக்கையில் எங்கள் இரண்டு தொப்பைகளும் சேர்ந்து தோளோடு தோள் இறுகிவிட்டன.

"ரெண்டு பேரும் அண்ணன் தம்பிங்களா?" என்றார் இஸ்மாயில்.

"சம்மந்திங்க" என்றோம் ஒரே குரலில், மன்னிப்புக் கேட்பது போல.

கிண்ணம் வாங்க வேண்டும் என்றதும் அவர் பழைய தெரு ஒன்றில் ஒரு பீங்கான் கடைக்குக் கொண்டுபோனார். கடைக்கார அம்மாள் சீனர், எங்கள் வயது இருக்கும், மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருந்தார். இஸ்மாயில் எங்கள் பேச்சை அவருக்கும் அவர் பேச்சை எங்களுக்கும் மாற்றிச் சொன்னார். பேத்திக்கு முதல் சோறு என்று கேட்டதும் அந்த அம்மாள் முகம் மலர்ந்து, ஒரு தட்டு முழுக்கக் கிண்ணங்களை எடுத்து வைத்தார்.

நான் தேர்ந்தெடுப்பேன் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் சம்பந்தி குனிந்தார். ஒவ்வொன்றாக எடுத்து, குழந்தையை ஏந்துவது போல ஏந்திப் பார்த்தார். கடைசியில் நீலத்தில் ஒரே ஒரு மீன் வரைந்த வெள்ளைக் கிண்ணத்தை எடுத்தார். "சோறு தீந்தாதான் மீனு தெரியும். அதப் பாக்கவே புள்ள சாப்புடும்" என்றார். தட்டு தட்டாகச் சோறு பரிமாறியவருக்குத்தான் அந்த யோசனை வரும். "நீங்க ஒரு தட்டுத் தட்டிப் பாருங்க சம்மந்தி, நீங்க சரின்னா சரி" என்று என்னிடம் நீட்டினார்.

இங்கே என் பட்டறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சூளையிலிருந்து வரும் சரக்கை நான்தான் தட்டிப் பிரிப்பேன். நல்லதாக இருந்தால் ணங்கென்று கேட்கும். வெடிப்பு இருந்தால் டொக்கென்று கேட்கும். டொக்கென்று கேட்டதை அந்த நிமிஷமே உடைத்துவிட வேண்டும், ஓரமாக வைத்தால் எப்படியோ அது நல்லதோடு போய்க் கலந்துவிடும், நாளைக்கு யார் வீட்டு மெயின் பெட்டியிலாவது நெருப்புப் பிடிக்கும். அதற்காக என் இடது காலுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு தகர டிரம் இருக்கும். டொக்கென்றால் கை தானாக இடது பக்கம் வீசிவிடும். யோசிக்கிற வேலையே கிடையாது.

கிண்ணத்தைக் கையில் வாங்கினேன். விரல் முட்டியால் தட்டினேன். டொக்கென்றது. கை இடது பக்கம் வீசியது.

பினாங்கில் என் இடது காலுக்குப் பக்கத்தில் டிரம் இல்லை. தரைதான் இருந்தது.

இஸ்மாயில் வண்டியின் ரேடியோ மட்டும் வெளியே பாடிக்கொண்டிருந்தது. சம்பந்தியின் நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. கடைக்கார அம்மாள் மெதுவாக ஏதோ கேட்டார்.

"ஏன் ஒடச்சீங்கன்னு கேக்கறாங்க" என்றார் இஸ்மாயில்.

"வெடிப்பு இருந்துது. வெடிப்பு இருந்தா ஒடச்சிடணும். எங்க ஊரு வழக்கம்" என்றேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

"நானும் அதத்தான் நெனச்சேன்" என்றார் சம்பந்தி உடனே. "பாத்தீங்களா பாய், எங்க சம்மந்தி காதுக்குத் தப்பாது. இவரு மட்டும் இல்லன்னா வெடிச்ச கிண்ணத்துல புள்ளைக்குச் சோறு ஊட்டியிருப்போம்."

நான் குனிந்து ஓடுகளைப் பொறுக்கினேன். பழக்கத்தில் ஒவ்வொன்றின் ஓரத்தையும் பார்த்தேன். பழைய வெடிப்பு இருந்தால் உடைந்த ஓரத்தில் அழுக்குக் கோடு ஒன்று ஓடியிருக்கும். இங்கே எல்லா ஓரமும் பாலாக இருந்தது. கிண்ணத்தில் ஒரு குறையும் இல்லை. குறை என் பிடியில். விரல் நுனியில் நிறுத்தித் தட்ட வேண்டியதை, சம்பந்தி நீட்டிய அவசரத்தில் உள்ளங்கை முழுவதும் பொத்திப் பிடித்துத் தட்டியிருக்கிறேன். அப்படிப் பிடித்தால் கோயில் மணியும் டொக்கென்றுதான் சொல்லும். பட்டறைக்குப் புதிதாக வருகிறவர்களை இதற்காக எத்தனை தடவை திட்டியிருக்கிறேன்!

கடைக்கார அம்மாள் கோபித்திருந்தால் தேவலை. அவர் கைகூப்பி என்னிடம் மன்னிப்புக் கேட்டார். காசு வாங்க மறுத்துவிட்டார். இந்தக் கிண்ணங்களைப் பினாங்குத் தீவுக்கு அக்கரையில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் சூளை போட்டுச் செய்கிறார்களாம். இத்தனை நாள் நம்பி வாங்கினேன், குழந்தை சாப்பிடுகிற கிண்ணத்தில் இப்படிச் செய்தால் எப்படி, நாளைக்கே பெட்டியோடு திருப்பி அனுப்புகிறேன், இனி அவர்களிடம் வாங்க மாட்டேன் என்றார். இஸ்மாயில் ஒரு வார்த்தை விடாமல் மாற்றிச் சொன்னார்.

"மணியாச்சி, கெளம்பலாங்க" என்றேன். ஓடுகளை மேஜையில் வைத்துவிட்டு வண்டியைப் பார்த்து நடந்தேன்.

வண்டி துறைமுகத்தைப் பார்த்துப் போனது. சம்பந்தி வழியெல்லாம் என் புகழ் பாடினார். ஒரு செண்டோல் கடையில் நிறுத்தி, சேமியா போலப் பச்சை மாவு இழைகள் போட்ட தேங்காய்ப்பால் ஐஸ் வாங்கிக் கொடுத்தார். ஊரே வரிசையில் நின்று குடிக்கிற பானம் எனக்குச் சுண்ணாம்புத் தண்ணீர் போல இறங்கியது. எனக்கு ஒருமுறை அப்படி ஒரு பெட்டி திரும்பி வந்திருக்கிறது. கடைக்காரர் ஆட்கள் இறக்கும்போது போட்டுவிட்டு, சரக்கிலேயே வெடிப்பு என்று அனுப்பிவிட்டார்கள். அன்று நானும் என் மனைவியும் அந்தப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தோம். இப்போது அக்கரையில் முகம் தெரியாத இரண்டு பேர் அப்படி உட்காரப் போகிறார்கள். உண்மையைச் சொன்னால் சம்பந்தி முன்னால் நான் யார்? என் மனைவியின் முகம் ஒரு பக்கம், அந்தப் பெட்டி ஒரு பக்கம். கப்பலின் புகைபோக்கி தெரிய ஆரம்பித்துவிட்டது.

"பாய், வண்டியத் திருப்புங்க" என்றேன்.

"கப்பலு போயிடும் சம்மந்தி!"

"போவட்டுங்க. கிண்ணத்துல வெடிப்பு இல்ல. நான் புடிச்ச புடிதான் தப்பு. தெரிஞ்சே சொல்லாம வந்துட்டேன்."

எனக்கு வெட்கத்தில் கண் கலங்கிவிட்டது. சம்பந்தி என்னைப் பார்த்தார். தோள் இறுகிக் கிடந்ததால் திரும்பிப் பார்க்க அவருக்கு இடமில்லை, கழுத்தை மட்டும் திருப்பினார். பிறகு பின்னால் பார்த்து, "என்னா பாய், நிக்கிறீங்க? திருப்புங்க! வேகமா மிதிங்க!" என்று கத்தினார். அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை.

கடைக்கார அம்மாள் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். நான் ஒரு கிண்ணத்தை உள்ளங்கையில் பொத்தித் தட்டிக் காட்டினேன்: டொக். அதையே விரல் நுனியில் நிறுத்தித் தட்டினேன்: ணங். மொழிபெயர்ப்புக்கு வேலையே இல்லை. அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றி, மாட்டி, மறுபடி கழற்றி, பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். கயிற்றை அவிழ்த்தார். உடைந்ததற்கும் சேர்த்துச் சம்பந்தி கணக்கை முடித்தார். அதே மீன் போட்ட இன்னொரு கிண்ணம் பெட்டியிலிருந்து வந்தது. நான் கையை நீட்டினேன். அந்த அம்மாள் என்னைச் சுற்றிக்கொண்டு போய் அதைச் சம்பந்தி கையில் கொடுத்தார்.

திரும்பும்போது பாதி வழியிலேயே இஸ்மாயிலுக்கு மூச்சு வாங்கியது. நாங்கள் இறங்கி, நான் வண்டியைத் தள்ள, சம்பந்தி கிண்ணத்தை மார்போடு அணைத்துக்கொண்டு முன்னால் ஓடினார். தெருவில் இருந்தவர்கள் வழிவிட்டார்கள். கப்பல் ஏணியருகே கடைசியாக நின்றிருந்த சீருடைக்காரர் கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னதைப் பக்கத்தில் ஒருவர் தமிழில் சொன்னார்: "உங்களுக்காகத்தான் கதவு திறந்திருக்கிறதாம், மெதுவாக வாருங்கள் என்கிறார்." அவர் மெதுவாக என்றதில் மரியாதை எதுவும் இல்லை.

மேல்தளத்தில் மூச்சு அடங்கும் வரை உட்கார்ந்திருந்தோம். பினாங்கு சின்னதாகிக்கொண்டே போனது.

"வீட்டுல சொல்லிடாதீங்க" என்றேன். கெஞ்சினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

"என்னாத்த சொல்றது? கெளம்பும்போது எங்க வூட்டுல என்னா சொல்லி அனுப்புனாங்க தெரியுமா?" என்றார் சம்பந்தி. "அந்தச் சம்மந்தி தப்பே பண்ணாத மனுஷன், ஒவ்வொண்ணையும் தட்டிப் பாக்கறவரு, நீங்க வாயத் தொறந்து ஒளறி மானத்த வாங்கிடாதீங்கன்னு. உங்களப் பாத்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கும். நேத்து அந்தச் சீனக்காரங்கள ஒக்கார வெச்சனே, ராவெல்லாம் தூக்கமில்ல."

நான் வாயைத் திறந்து சிரித்தேன். பட்டறையில் சிரிக்கிற சிரிப்பு. பக்கத்து நாற்காலிக்காரர்கள் எழுந்து தள்ளிப் போனார்கள். அன்று ராத்திரிச் சாப்பாட்டில் சம்பந்தி நான்கு குடும்பங்களுக்கு இடம் பிடித்துக் கொடுத்தார், நான் அத்தனை தட்டுகளையும் கவிழ்த்துப் பார்த்தேன்.

சிங்கப்பூர் திரும்பிய மறுநாள் எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்தோம். கிண்ணத்தில் சோறு போடப் போன என் மனைவி, "தட்டிப் பாத்துத்தான வாங்குனீங்க?" என்றாள். சம்பந்தி எழுந்தார். படுக்கையறைக்குப் போய் இரண்டு தலையணைகளோடு வந்து, என் நாற்காலிக்கு இடது பக்கம் தரையில் வரிசையாக வைத்தார்.

"எதுக்குங்க தலகாணி?" என்றார் சம்பந்தியம்மாள்.

"கப்பல்ல அப்பிடித்தான் வெப்பாங்க" என்றார் சம்பந்தி. பிறகு கிண்ணத்தை வாங்கி என்னிடம் நீட்டினார். "இப்பத் தட்டுங்க சம்மந்தி. எல்லாரும் கேக்கட்டும்."

விரல் நுனியில் நிறுத்தினேன். தட்டினேன். ணங்கென்ற சத்தம் கூடம் முழுக்கப் பரவியது. மடியில் இருந்த பேத்தி சட்டென்று திரும்பி, அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்று என் முகத்தைப் பார்த்துப் பொக்கை வாயால் சிரித்தாள். நானும் சம்பந்தியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் கண்ணும் ஈரமாகத்தான் இருந்தது.

மீன் தெரிகிற வரை குழந்தை சாப்பிட்டது. தலையணைகளை மட்டும் அவர் கடைசி வரை எடுக்கவில்லை.